பாலத்தில் வந்த பாட்டு

என் மனைவி சுபஸ்ரீ தனியார் டவுன் பஸ்களுக்குப் பாட்டு போட்டுக் கொடுத்தாள். பாடமாட்டாள், எந்த வாத்தியமும் வாசிக்கமாட்டாள். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வரவேண்டும், காலை டிரிப்புக்கு எது, வெயில் நேரத்துக்கு எது என்று அடுக்கி, பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பாள். திருச்சியில் பஸ் ஏறுகிறவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடிந்ததில்லை.

பெண் பார்க்க மணப்பாறையிலிருந்து நாங்கள் ஸ்ரீரங்கம் போன அன்று, பெண் என்ன வேலை பார்க்கிறது என்று அப்பா கேட்டார். அவளுடைய அம்மா மயிலம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு கம்ப்யூட்டர் வேலை என்றார். உள்ளறையிலிருந்து குரல் வந்தது. “பஸ்ஸுக்குப் பாட்டு போடறேன் மாமா.” அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். திரும்பி வரும்போது காரில் சொன்னார், எம்.எஸ்ஸி. படித்த பெண், கண்டக்டர் வேலைதான் என்றாலும் கவர்மெண்ட் பஸ்ஸாக இருந்திருக்கலாம் என்று.

கல்லூரி நாட்களில் அவள் எப்போதும் தாமதமாகத்தான் வீடு வருவாளாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, வருகிற பஸ்ஸையெல்லாம் போகவிடுவாள். நல்ல பாட்டு ஓடுகிற பஸ் வந்தால்தான் ஏறுவாள். யாரையோ காதலிக்கிறாள் என்று மயிலம்மாளுக்குச் சந்தேகம். தன் தம்பியை அனுப்பிப் பின்தொடரச் சொன்னார். அவர் பார்த்துவிட்டு வந்து சொன்ன பதிலை எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லிச் சிரிப்போம். “பையன்னு யாரும் இல்லக்கா. பஸ்ஸுதான்.”

படிப்பு முடிந்து சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். சில மாதங்களில் திரும்பிவிட்டாள். அங்கே எல்லாரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனித்தனியாகக் கேட்கிறார்கள், அவளுக்கு அது ஒத்துவரவில்லை. அறுபது பேர் சேர்ந்து ஒரு பாட்டைக் கேட்கும்போது அந்தப் பாட்டு வேறாகிவிடுகிறது என்பாள். அது என்ன வேறு என்று நான் கேட்டதில்லை.

தொழில் ஆரம்பித்தது ‘இருசம்மாள்’ பஸ்ஸில். கே.கே. நகரிலிருந்து சென்ட்ரல், புத்தூர், தில்லைநகர், சத்திரம் வழியாகக் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போகும் பஸ். முதலாளி சின்னையா தன் அம்மா பெயரை வைத்திருந்தார். கண்டக்டர் ரெஜிஸ். அப்போது அந்த பஸ்ஸில் வருஷம் முழுக்க ஒரே பாட்டுகள்தான். புத்தூர் ஜி.எச். ஸ்டாப் வரும்போது தினமும் இறந்துபோன தாயைப் பற்றிய ஒரு பாட்டு ஒலிக்கும். ஒருநாள் ஸ்கேன் கவரை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெண் அழுதுகொண்டே இறங்கினாள். சுபஸ்ரீ ரெஜிஸிடம் போய், ஆஸ்பத்திரி வாசலில் போடுகிற பாட்டா இது என்று சண்டை போட்டாள். “எனக்கு டிக்கெட்தான் தெரியும். வேணும்னா நீங்களே போட்டுக் கொடுங்க” என்றார் ரெஜிஸ். மறுநாள் கொடுத்தாள்.

அதன்பின் அந்த பஸ்ஸுக்காக ஜனங்கள் காத்திருந்து ஏற ஆரம்பித்தார்கள். சின்னையா கவனித்தார். பிறகு மற்ற முதலாளிகளும் கவனித்தார்கள். கல்யாணமாகி கே.கே. நகரில் நாங்கள் குடிவந்தபோது முப்பதுக்கும் மேற்பட்ட பஸ்களுக்கு அவள் பாட்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு புடவைக் கடையும் ஒரு டயாலிசிஸ் சென்டரும் சேர்ந்தன. பஸ்காரர்கள் எல்லாருக்கும் அவள் ‘பாட்டு மேடம்’.

ஒரு பஸ்ஸை எடுத்துக்கொண்டால் முதல் வாரம் அதில் பாட்டே போடக்கூடாது. சும்மா ஏறிப் போய் வருவாள். எந்த ஸ்டாப்பில் கூட்டம் ஏறுகிறது, எங்கே பிள்ளைகள் ஏறுகிறார்கள், எங்கே டிரைவர் அதிகம் ஹாரன் அடிக்கிறார், எல்லாவற்றையும் பார்ப்பாள். ஹாரன் அடிக்கும் இடத்தில் குழைகிற குரல் கூடாது. காலையில் வேலைக்குப் போகிறவர்களிடம் தத்துவம் பேசக்கூடாது. ஜி.எச். அருகில் அம்மாவும் கூடாது, சாமியும் கூடாது. சாமியைக் கூப்பிட்டால் பயம் வந்துவிடும் என்பாள். சத்திரத்தில் எல்லாரும் அடித்துப்பிடித்து ஏறி உட்கார்ந்த பின் பாலம் வரும். பாலத்துக்கு எந்தப் பாட்டு என்பதில்தான் அவள் அதிக நேரம் செலவழிப்பாள். டிரிப்பில் கடினமான இடம் அதுதான் என்று ஒருமுறை சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் குழம்பு கேட்டேன்.

நான் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. எனக்குப் பாட்டு என்றால் பாட்டு. அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இருக்கவில்லை. வீட்டில் ஒரு ஆளாவது அமைதியாக இருக்கட்டும் என்பாள்.

அக்டோபர் மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் இரண்டு நாள் கிண்டலடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஐ.சி.யூ. பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காவிரிக்கரையில் ஓயாமாரி சுடுகாட்டில் எரித்தோம்.

மற்ற பஸ் முதலாளிகள் மார்கழிக்குள் வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள். சிலர் எஃப்.எம். வைத்தார்கள். சிலர் டிவி மாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருசம்மாளில் மட்டும் அவள் கடைசியாகக் கொடுத்த பென் டிரைவே ஓடியது. கம்பெனி வண்டி மாலையில் என்னை இறக்கிவிட்டதும் வீட்டுக்குப் போகாமல் அந்த பஸ்ஸில் ஏறுவேன். ஸ்ரீரங்கம் வரை போய், அதிலேயே திரும்பி வருவேன். ஞாயிற்றுக்கிழமை மயிலம்மாள் வீட்டில் சாப்பாடு. அதற்கும் இருசம்மாள்தான். ரெஜிஸ் டிக்கெட் கிழிக்க மறுத்தார். நான் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

பாட்டுகள் ஒன்றும் எனக்குப் புதிதில்லை. எல்லார் வீட்டிலும் ஓடுகிறவைதான். ஆனால் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அவள் இருந்தாள். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஏதோ சொல்லிக்கொண்டே வந்து, நிறுத்தி, பேச்சை மாற்றுகிற மாதிரி. வீட்டில் அப்படித்தான் பேசுவாள். போட்டோ இருக்கிறது, புடவைகள் இருக்கின்றன. அவை பேச்சை மாற்றுவதில்லை.

தை மாதம் ஒரு சாயங்காலம். பஸ் புத்தூர் ஜி.எச். ஸ்டாப்பில் நின்றது. ஒரு தாலாட்டு ஒலித்தது. அந்த இடத்தில் அது வராது. தில்லைநகரில் ஒரு டப்பாங்குத்து. அதன் பின் இன்னொரு தாலாட்டு. நான் எழுந்து ரெஜிஸிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை நிறுத்தியதும் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார்.

பென் டிரைவ் பழசாகிக்கொண்டிருந்தது. சில நேரம் நின்று நின்று ஓடியது. கெட்டுப்போனால் மேடம் போட்டது மொத்தமும் போய்விடுமே என்று ரெஜிஸுக்குப் பயம். ராஜகோபுரம் பக்கத்தில் ஒரு மொபைல் கடையில் கொடுத்து இரண்டு காப்பி போட்டு வைத்துக்கொள்ள நினைத்தார். ஒன்று பஸ்ஸுக்கு, ஒன்று எனக்கு. கடைக்காரர் நல்ல மனிதர். வைரஸ் இருக்கிறது என்று சொல்லி, பாட்டுகளை கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவை முழுக்கத் துடைத்துவிட்டு, மறுபடி மொத்தமாக ஏற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரு பாட்டும் குறையவில்லை.

வரிசைதான் போய்விட்டது. பஸ்ஸில் இருக்கும் பிளேயர் பாட்டின் பெயரையோ எண்ணையோ பார்ப்பதில்லை. எது முதலில் ஏற்றப்பட்டதோ அதை முதலில் பாடும். அதனால்தான் சுபஸ்ரீ ஒவ்வொரு பாட்டாக, ஒன்று ஏறி முடிந்த பின் அடுத்தது என்று உட்கார்ந்து ஏற்றுவாள். பஸ்காரர்களுக்கு இது தெரியாது. கடைக்காரருக்கும் தெரிய நியாயமில்லை.

“உங்களோட காப்பி இது” என்று ரெஜிஸ் ஒரு புது பென் டிரைவை என் கையில் வைத்தார். “மேடம் லேப்டாப்புல இருக்கும்ல சார்? நீங்கதான் சரி பண்ணணும்.”

லேப்டாப்பில் ஆயிரக்கணக்கான பாட்டுகள் இருந்தன. இருசம்மாளின் வரிசை இல்லை. அவள் தலையில் வைத்திருந்து நேராக ஏற்றியிருக்கிறாள். நூற்றுச் சொச்சம் பாட்டுகள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இடங்கள் ஆறோ ஏழோ. சென்ட்ரலில் கிளம்பும்போது புல்லாங்குழலோடு ஆரம்பிப்பது ஒன்று. அதன் பின் இரண்டு பேர் கேலி பண்ணிக்கொண்டு பாடுவது. ஜி.எச். தாண்டியதும் ஒரு பழைய பாட்டு. பாலத்துக்கு வந்தபோது எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. இத்தனை மாதம் தினமும் பாலத்தைக் கடந்திருக்கிறேன். அங்கே பஸ் ஏறும்போது ஓயாமாரிப் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாட்டைக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். ரெஜிஸ் வழக்கமான ஆட்களை ஒவ்வொருவராக என்னிடம் அனுப்பினார். ஜெஸிமா, தில்லைநகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண், மழையைப் பற்றிய ஒரு பாட்டைக் காட்டினாள்.

“இது தில்லைநகர்ல வரும் சார். நான் எறங்கும்போது பாதியில இருக்கும். எறங்கவே மனசு வராது.”

முன் சீட்டில் பொன்னுத்தாய் டீச்சர் இருந்தார். ரிட்டையர் ஆகியும் தினமும் ஸ்ரீரங்கம் போய் வருகிறவர். அவர் திரும்பினார்.

“தில்லைநகர்ல எங்கடி மழை பெஞ்சுது? அது சத்திரம் தாண்டித்தான் வரும்.”

“சத்திரம் வரும்போது நீங்க தூங்கிட்டிருப்பீங்க டீச்சர்.”

“கண்ணைத்தானே மூடிருந்தேன். காதையுமா மூடினேன்?”

டிரைவர் காத்தான் முன்னாலிருந்து சத்தமாகத் தன் பங்கைச் சொன்னார். மாம்பழச்சாலை திரும்பும்போது தவில் அடிக்கும் பாட்டு ஒன்று, அதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்றார். “அது கல்யாண மண்டபத்துல அடிச்சதுண்ணே” என்றார் ரெஜிஸ். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன் போல, ஜெஸிமா என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பாலத்துக்கு எந்தப் பாட்டு என்று எல்லாரிடமும் கேட்டேன். கேட்டவர்கள் அத்தனை பேரும் தயங்காமல் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லவில்லை. டீச்சர், ஒரு பெண் குரல், மெதுவாக, வயலினோடு என்றார். எப்போதாவதுதான் பாலம் தாண்டிப் போகிற ஜெஸிமா, அந்த இடத்தில் ஆண் குரல்தான் வரும் என்று அடித்துச் சொன்னாள். ஒருவர் அங்கே பாட்டே வராது, வெறும் இசைதான் என்றார். ரெஜிஸ் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அதைக் கேட்டவர். அவர் பாலம் முழுவதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

“ஓடும்போது தெரியும் சார். கேட்டா வரல” என்றார்.

மயிலம்மாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டார், இன்னும் அந்த பஸ்ஸில்தான் அலைகிறீர்களா என்று. வரிசை கலைந்ததைச் சொன்னேன். அவர் அந்த பஸ்ஸில் ஏறியதே கிடையாது. மகள் அந்தத் தொழிலை விடும்வரை ஏறமாட்டேன் என்று சபதம். இப்போது ஏறிப் பார்க்கலாமே என்று என் வாயில் வந்தது. சொல்லவில்லை. ரசம் ஊற்றிவிட்டு அவர் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை.

திரும்பும் டிரிப் கிளம்புவதற்கு முன் ரெஜிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க சார். மேடம் எதையும் ரொம்ப நாள் வைக்க மாட்டாங்க. அடுத்த பாட்டு வர்றதுக்கு முன்னாடியே யாராவது அதை முணுமுணுத்தா உடனே மாத்திடுவாங்க. இனிமே இது செத்துப்போச்சு ரெஜிஸ் அப்படிம்பாங்க.”

நான் லேப்டாப்பை மூடினேன்.

“சென்ட்ரல்ல பஸ் எடுக்கறதுக்கு முன்னாடியே நீங்க அந்தப் புல்லாங்குழலை முனக ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. நான் பாத்தேன். அவங்க இருந்திருந்தா எப்பவோ கலைச்சிருப்பாங்க. அதனாலதான் சொல்றேன். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவள் கலைத்திருந்தால் அதன் பின் இன்னொன்றை அடுக்கியிருப்பாள். அதை அவரிடம் சொல்லிப் பயனில்லை.

அந்த வாரமே சின்னையா போன் செய்தார். ஜனங்கள் கேட்கிறார்கள், ஒரு தாலாட்டு, ஒரு குத்து என்று மாறி மாறி வந்தால் எப்படி என்றார். பொறுமையாகத்தான் பேசினார். பொண்ணு போட்டதை எடுக்க அவருக்கு மனமில்லை, என்னால் முடிந்தால் பார்க்கச் சொன்னார், முடியாவிட்டால் அவரும் டிவி மாட்டிவிடுவார். நான் பார்க்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை லீவு போட்டேன். காலையில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஆறேழு பாட்டுகளை அதனதன் இடத்தில் வைத்தேன். இடையில் இருந்ததை நிரப்ப வேண்டும். ஜி.எச். அருகில் தாயும் சாமியும் வராமல் பார்த்துக்கொண்டேன். ஹாரன் இடங்களில் சத்தமான பாட்டுகள். அவள் சொன்னதாக எனக்கு ஞாபகம் இருந்த எல்லா விதிகளையும் பின்பற்றினேன். விதிகள் சரியாகத்தான் இருந்தன. போட்டுக் கேட்டால் ஒன்று முடிந்தது, அடுத்தது தொடங்கியது, அவ்வளவுதான். மறுபடி மாற்றினேன். வெல்டிங்கில் விரிசலை லைட் அடித்துக் கண்டுபிடிப்பேன். இதில் எங்கே அடிப்பது என்று தெரியவில்லை.

கடைசியாகப் பாலம். டீச்சர் சொன்னதைப் போட்டுப் பார்த்தேன். ஜெஸிமா சொன்னதைப் போட்டேன். எதைப் போட்டாலும் புகைதான் கண்ணில் வந்தது. அவளிடம் கேட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்து, அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

அதன் பின் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். நெரிசல் இல்லாதபோது பாலத்தைக் கடக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, அந்த நீளத்துக்குப் பொருந்துகிற பாட்டுகளைப் பிரித்தேன். மூன்று வந்தன. ஒன்று தாலாட்டு. ஒன்றை ஏற்கெனவே தில்லைநகருக்கு வைத்துவிட்டேன். மிச்சமிருந்ததை வைத்தேன். யாரும் பாலத்துக்கென்று சொல்லாத பாட்டு அது. ஒவ்வொன்றாக, ஒன்று ஏறி முடிந்த பின் அடுத்ததாக ஏற்றி, ரெஜிஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் போட்டது என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை.

சின்னையா டிவி மாட்டவில்லை. குறை சொல்கிறவர்கள் யாரும் இல்லை என்று ரெஜிஸ் சொன்னார். நான் ஒரு வாரம் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. பிறகு ஏறினேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

பங்குனி பிறந்துவிட்டது. நேற்று சாயங்காலம் சத்திரத்தில் நல்ல கூட்டம். நான் நின்றுகொண்டிருந்தேன். பஸ் பாலத்தில் ஏறியது. பக்கத்தில் புதுப் பாலத்தின் தூண்கள். ஆற்றில் மணல்தான். பாட்டு தொடங்கியது. கல்லூரிப் பையோடு ஒரு பெண் கம்பியில் சாய்ந்து நின்றிருந்தாள். அந்த பஸ்ஸுக்குப் புதிது. பாட்டு பாதி போனதும் ரெஜிஸிடம் கேட்டாள்.

“அண்ணா, தினமும் இங்க இந்தப் பாட்டுதான் வருமா?”

“ஆமாம்மா. ஒரு மேடம் போட்டுக் கொடுத்தது. இப்ப அவங்க இல்ல.”

“பாலத்துக்குன்னே எடுத்து வச்ச மாதிரி இருக்கு.”

ரெஜிஸ் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு டிக்கெட் பையைச் சரிசெய்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜெஸிமா நிமிர்ந்தாள். வேலை முடிந்து ஸ்ரீரங்கத்தில் யாரையோ பார்க்கப் போகிறாள்.

“எப்பவுமே இங்க இதுதான்” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். “அவங்க இருக்கும்போதும் இதேதான். இந்தத் தூண் வேலையெல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து.”

“நான்தான் அன்னைக்கே சொன்னேனே” என்றார் பொன்னுத்தாய் டீச்சர், கண்ணைத் திறக்காமல்.

இல்லை, அது நான் வைத்தது, நீளம் பார்த்து வைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போ சுபஸ்ரீ வைத்தது எது என்று கேட்பார்கள். அந்தப் பெண் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு பாலம் முடிகிற இடத்தில் சரியாக முடிந்தது.

மாம்பழச்சாலையில் ஒரு கூட்டம் ஏறியது. உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார் ரெஜிஸ். தள்ளி நின்றேன்.